ஏறிப் போன சைக்கிள்

நுவரெலியாவில் சுற்றுலாக்காரர்களுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் போன மாதம் என்னைத் தேடிக்கொண்டு லிந்துலைக்கு வந்தார். கையில் இருந்த பையை என் மேசைமேல் கவிழ்த்தார். மேசை முழுக்கப் பூட்டு. நம்பர் பூட்டு, பாம்பு மாதிரி வளைகிற கம்பிப் பூட்டு, தொட்டால் கத்துகிற பூட்டு.

"ஐயா, இதுல எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க. அதத்தான் வாங்குவேன்" என்றார்.

கடையை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் சைக்கிள் பூட்டில் சந்தேகம் வந்தால் சுப்பையாவிடம் போ என்றுதான் இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் என்னைப் போல் பூட்டு விற்ற ஆள் கிடையாது.

"சைக்கிள எங்க நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"கட வாசல்லதான் ஐயா."

"அந்த வாசலால யார் யார் போவாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "பூட்டப் பத்திக் கேக்க வந்தா ஆளப் பத்திக் கேக்குறீங்களே!"

ஏன் கேட்கிறேன் என்று விளக்குவதற்குள் பஸ் வந்துவிட்டது, போய்விட்டார். எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகள் மலர் ஒன்று போடுகிறோம், உங்கள் தொழிலைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் இதை யாரையும் உட்கார்த்தி வைத்துச் சொல்லி எழுதுவிக்கவில்லை. என் கையாலேயே எழுதினேன்.

எங்கள் அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். என்னையும் அந்தக் கத்தியோடு மலைக்கு அனுப்பப் பார்த்தார். நான் தலவாக்கலைக்கு ஓடிப்போய் ஹமீது நானாவின் சைக்கிள் கடையில் ஒட்டிக்கொண்டேன். டியூப் ஒட்டினேன், ரிம் நிமிர்த்தினேன், அடி வாங்கினேன், பழகினேன். அவ்வளவுதான் என் படிப்பு. எழுபதுகள் தொடங்கிய காலத்தில் லிந்துலை பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சொந்தக் கடை போட்டுவிட்டேன்.

ஹமீது நானாவைப் பற்றிச் சொல்லாமல் பூட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருடைய கடை மேசையில் எப்போதும் ஒரு பீங்கான் கோப்பையில் தண்ணீர் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அது குடிக்கத்தான் என்று நினைப்பார்கள். யாராவது பூட்டுக் கேட்டால் நானா பூட்டைக் காட்டமாட்டார். முதலில் கேள்வி. எங்கே வைப்பீர்கள், எதோடு சேர்த்துப் பூட்டுவீர்கள், மழை நேரம் உங்கள் கையில் வேறு என்ன இருக்கும். பதிலைக் கேட்டுக்கொண்டே ஒரு பூட்டை எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் தட்டுவார். பிறகு வந்தவரின் வலது கையைப் பிடித்துக் கோப்பைத் தண்ணீரில் முக்கிவிடுவார். இடது கையில் குடையைக் கொடுப்பார்.

"இப்ப பூட்டுங்க பாப்பம்."

ஒருநாள் பெரிய உடம்புக் கங்காணி ஒருவர், கடையிலேயே பெரிய பூட்டுத்தான் வேண்டும் என்று நின்றார். நானா வழக்கம்போலக் கையை நனைத்துவிட்டார். குடை ஒரு பக்கம் சரிய, தோளில் போட்டிருந்த கம்பளி மறு பக்கம் நழுவ, கங்காணி அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினார்.

"நான் பூட்டு வாங்க வந்தேனா, சர்க்கஸ் காட்ட வந்தேனா நானா?"

"மழையில இவ்வளவு பாடு பட்டா ஒரு நாளைக்கி பூட்டாம விட்டுட்டுப் போவீங்க கங்காணியார். அந்த நாள்லதான் களவு போவும்" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

விற்கிற பூட்டு எதுவாக இருந்தாலும், சாவித் துவாரம் நிலத்தைப் பார்க்கும்படிதான் தொங்கவிட வேண்டும் என்பார். மழைத்தண்ணீர் உள்ளே போகாது. மாதம் ஒரு தடவை தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயில் ஒரு சொட்டு விடுவார். அது ஏன், வேறு எண்ணெய் விட்டால் என்ன என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

நானாவிடம் கற்றுக்கொள்ளாமல், நானே என் மூளையால் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் உண்டு. அதனால்தான் எனக்குப் பெயர் வந்தது.

எங்கள் பக்கத்தில் சிறிசேன என்று ஒருவர் சைக்கிளில் பாண், அதாவது ரொட்டி, கொண்டுபோய், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்றார். நீர்கொழும்புப் பக்கத்து ஆள். ஊரெல்லாம் பாணுக்கு வரிசையில் நிற்கிற காலம் அது. பெரிய பெட்டி கட்டிய சைக்கிளை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, கூடையோடு படியேறி லயத்துக்குப் போவார். போகுமுன் பெடலையும் செயினையும் சேர்த்து ஒரு சங்கிலியால் பூட்டிவிடுவார். அவருடைய ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. என் கடைக்கு ஓடி வந்தார். என்னை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம்.

"மல்லி, பெடல் சுத்தாதுதானே? சுத்தாத சைக்கிள எப்பிடி ஓட்டுவான்?"

நான் அந்த ரோட்டில் போய் நின்று பார்த்தேன். நின்ற இடத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரே இறக்கம். சிரிப்பு வந்தது.

"அண்ணே, ஒங்க ஊரு சமதரை. அங்க பெடல் வேணும். இங்க கள்ளனுக்கு எதுக்குப் பெடல்? ஏறி ஒக்காந்தா போதுமே."

இறக்கத்தில் நடந்தே போனோம். பாலத்தைத் தாண்டியதும் ரோடு மறுபடி ஏறும். அந்த ஏற்றத்தில் மிதிக்கவும் முடியாது, பெட்டியோடு தள்ளவும் முடியாது. நான் நினைத்தது போலவே பாலத்துச் சுவரில் சைக்கிள் சாய்ந்து நின்றது. பெட்டியில் ஒரு துண்டுப் பாண்கூட இல்லை. சிறிசேன வெறும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். "சாப்பிட்டது போவட்டும் மல்லி, பெட்டிய மூடி வெச்சிருக்கான் பாரு, நல்ல மனுசன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எந்தச் சைக்கிள் காணாமல் போனாலும் நான் நேரே பாலத்துக்குப் போனேன். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சில பேர் அதைச் சுப்பையா பாலம் என்று சொல்லத் தொடங்கினார்கள். "மலைநாட்டில் களவு போன சைக்கிள் இறங்கித்தான் போகும், ஏறிப் போகாது" என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். பெடலைப் பூட்டாதே, சக்கரத்தைப் பூட்டு, அதையும் அசையாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டு. இதுதான் என் கடைச் சட்டம்.

அப்படி இருந்த காலத்தில்தான் மாரிமுத்துவின் சைக்கிள் போனது.

மாரிமுத்து எங்கள் தோட்டத்துத் தப்பால்காரன். மழைநாளில் தண்ணீர் வடிகிற கானுக்குள் விழுந்து கால் முறிந்து, அது சரியாகக் கூடாமல் போனவன். மலைவேலை செய்ய முடியாது. சைக்கிள் மிதிக்க மட்டும் அந்தக் கால் ஒத்துழைத்தது. அதனால் தோட்டத்துச் சைக்கிள் ஒன்றைக் கொடுத்து, தபால் கந்தோருக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் பை கொண்டுபோகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும், கொழுந்து நிறுக்கிற மடுவத்து இரும்புத் தூணோடு சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு, படியேறி ஆபீசுக்குப் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வருவான். சங்கிலியும் பூட்டும் நான் விற்றவை. தூணைத் தேர்ந்து கொடுத்ததும் நான்தான்.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் பையோடு இறங்கி வந்தவன், சைக்கிளைக் காணாமல் போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டதாம். சங்கிலி தூணில் தொங்கியது. பூட்டு நிலத்தில் கிடந்தது. உடையவில்லை, ஒரு கீறலும் இல்லை.

என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கிளாக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதிகம் பேசமாட்டார். காலையில் ஆபீசுக்குள் வந்ததும் மேசையில் ஒரு விரலை இழுத்து, விரல்நுனியைப் பார்ப்பார். தூசி இருந்தால் அன்றைக்கு ஆபீசில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத மனிதர். அன்றைக்கும் அந்தப் பூட்டை வாங்கி, வளையத்தில் விரலை இழுத்துப் பார்த்தார். ஏதோ பசை ஒட்டியது போல. கைலேஞ்சியில் துடைத்துக்கொண்டார்.

"ஒடைக்கல. சாவியால தொறந்த மாதிரிதான் இருக்கு. சாவி எத்தன?"

"ரெண்டுங்க ஐயா. ஒண்ணு மாரிமுத்துகிட்ட. மத்தது என் கடையில."

அது எங்கள் பக்கத்து வழக்கம். லயத்தில் குடும்பத்துக்கு ஒரே அறை, அந்தக் காம்பராவில் சாவி தொலைந்துபோகும் என்று எல்லாரும் இரண்டாவது சாவியை என்னிடமே கொடுத்து வைப்பார்கள். ஒரு பிஸ்கட் டின் நிறையச் சாவி வைத்திருந்தேன். ஊரே நம்பி வைத்த டின் அது. அந்த நிமிஷம் அதுவே என் கழுத்தில் தொங்கியது.

கிளாக்கர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "சனிக்கிழம வரைக்கும் பாப்பேன். சைக்கிள் வரலன்னா தப்பால் பைய வேற ஆள்கிட்டக் குடுக்கணும். வேல இல்லாதவனுக்குக் காம்பராவும் இல்ல. மாரிமுத்து, வெளங்குதா?"

"ஐயா, நான் விக்கலிங்க ஐயா. எம்புள்ளைங்க மேல சத்தியமா..."

"நீ வித்தேன்னு நான் சொன்னேனா?"

வெளியே வந்ததும் நான் மாரிமுத்துவின் தோளில் கை போட்டேன். "ஏன்டா அழுவுற? சைக்கிள் எங்க போவும்? எறங்கித்தானே போவும்? வா பாலத்துக்கு" என்றேன். அவ்வளவு தைரியம் எனக்கு.

பாலத்தில் இல்லை. பாலத்துக்குக் கீழே ஆற்றோரம் இல்லை. மறுநாள் அதற்கும் கீழே உள்ள லயங்களில் கேட்டோம். அதற்கு மறுநாள் கிளைரோடுகளில் தேடினோம். அவன் நொண்டி நொண்டிப் பின்னால் வந்தான். என் வாய் மட்டும் ஓயவில்லை. கீழேதான் இருக்கும், கீழேதான் இருக்கும்.

இரவில் அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன். சாவி போட்டால் திறக்கிறது, அமுக்கினால் பூட்டுகிறது. ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் எப்படித் திறந்தது? சைக்கிளைக் காணோம் என்பதைவிட இந்தக் கேள்விதான் என்னை அரித்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு, பஸ் ஏறித் தலவாக்கலைக்குப் போனேன்.

ஹமீது நானா பூட்டைக் காதருகே வைத்துத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். நெருப்புக்குச்சி ஒன்றை வளையம் போகிற துளைக்குள் விட்டுச் சுரண்டி, நுனியை மூக்கருகே கொண்டுபோனார்.

"இது பூட்டா, கொண்டையா?" என்றார்.

"என்ன நானா?"

"மோந்து பாரு. தேங்காயெண்ண. தலைக்கு வெக்கிறத உள்ள ஊத்தியிருக்காங்க."

மாரிமுத்து பொங்கலுக்குச் சைக்கிளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தான். பூட்டும் பளபளக்கட்டும் என்று எண்ணெயில் குளிப்பாட்டியிருக்கிறான். தை மாதக் குளிரில் எங்கள் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். பெண்கள் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்பார்கள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தலைக்கு உறைவது பூட்டுக்குள்ளும் உறையும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"ராத்திரி இதக் கூரையில வெச்சிட்டு, வெயில் வாறதுக்கு முந்திப் பூட்டிப் பாரு" என்று நானா சொன்னார். "இந்தப் பூட்ட யாரும் தொறக்கல சுப்பையா. இது பூட்டவே இல்ல."

அப்படியே செய்தேன். விடியலில் கூரையிலிருந்து எடுத்த பூட்டு ஐஸ் மாதிரி இருந்தது. வளையத்தை அமுக்கினேன். உள்ளே போய் நின்றது. பார்த்தால் பூட்டின பூட்டு. விரலால் லேசாக இழுத்தேன். கழன்று கையில் வந்தது. உள்ளே வளையத்தைக் கவ்விப் பிடிக்க வேண்டிய துண்டு, உறைந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறது. வெயில் ஏறியதும் அதே பூட்டு ஒழுங்காகப் பூட்டியது. நான் கடை வாசலில் நின்று அதைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தேன். எதிர்க்கடைக்காரர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

பூட்டு தெரிந்துவிட்டது. சைக்கிள்? அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் மாரிமுத்துவின் மனைவி பாக்கியம் கடைக்கு வந்தாள். கொழுந்து எடுக்கிறவள். கூடைக் கயிற்றின் தடம் நெற்றியில் சிவந்திருந்தது. நான் பூட்டின் கதையைப் பெருமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப பூட்டுத் தெறக்கத் தெரிஞ்ச கள்ளன் யாரும் வரல. பக்கத்துல நின்ன யாரோ கை வெச்சிருக்காங்க. அப்பிடித்தானேண்ணே?"

"அப்பிடித்தான்."

"பெரட்டு முடிஞ்சி எல்லாரும் போன பொறகு மடுவத்துகிட்ட நிக்கிறது யாரு? ஒர ஸ்டோர்லருந்து மலைக்கு ஒர மூட்ட தூக்குற ஆளுங்கதான?"

நான் கையில் இருந்த பூட்டைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கி நான் மேல் மலையில கொழுந்துக்கு நெர புடிச்சிருந்தேன். செபஸ்தியான் மாமா இருக்காருல்ல, ஒத்த மூட்டைக்கே மூணு எடத்துல ஒக்காந்து மூச்சு வாங்குற ஆளு. அன்னைக்கி மத்தவங்க பாதி மல ஏறல, அவரு மூட்ட ரெண்டும் மேல ஒண்ணா கெடந்துச்சு. அப்ப நான் ஒண்ணும் நெனைக்கல. நேத்துத்தான் பொறி தட்டுச்சு. போய்ப் பாத்தேன். மானாப் புல்லுக்குள்ள கெடக்குதுண்ணே சைக்கிளு."

"மேலயா?"

"மேலதான்."

எனக்கு அந்த ஒரு சொல் தலையில் குட்டியது போல இருந்தது. சைக்கிள் ஓட்டுகிறவன் இறங்கிப் போவான். செபஸ்தியானுக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது. அவருக்கு அது இரண்டு சக்கரம் வைத்த முதுகு. மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டார். மாரிமுத்து வருவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அதற்குள் கீழே மாரிமுத்துவின் சத்தம். கள்ளன் பிடிபட்டால் குடும்பத்தோடு தோட்டத்திலிருந்து பெயர் வெட்டப்படும் என்று மறுநாள் பெரட்டில் அறிவித்திருக்கிறார்கள். பயந்துபோய்ப் புல்லைப் போட்டு மூடிவிட்டார்.

"மாரிமுத்துகிட்டச் சொன்னியா?"

"சொல்லுவனா? அந்த மனுசன் சந்தோசத்துல நேரா கிளாக்கர் ஐயாகிட்ட ஓடுவாரு. எங்க காம்பரா தப்பும், செபஸ்தியான் மாமா காம்பரா போவும். அவரு இருமுற இருமலுக்கு ரோட்டுல எத்தன நாளு இருப்பாரு?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நீங்கதான ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க, களவு போன சைக்கிளு கீழ பாலத்துலதான் கெடக்கும்னு? அப்ப கெடக்க வைங்க."

இப்படி ஒருவரும் என்னிடம் வேலை சொன்னதில்லை. நாளைக்குச் சனிக்கிழமை. பின்னேரம் மூடுபனி இறங்கட்டும் என்று காத்திருந்தேன். எங்கள் பக்கத்து மூடுபனி இறங்கினால் நீட்டின கை தெரியாது. மணியில் துணியைச் சுற்றி, மானாப் புல்லிலிருந்து சைக்கிளை இழுத்து, மேல் மலையிலிருந்து இறங்குகிற பாதையில் அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். கல்லும் கானுமான பாதை. நனைந்த பிரேக் பிடித்தும் பிடிக்காமலும். அந்த இறக்கத்தை மூடுபனியில் விழாமல் ஓட்டின ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். யாராவது ஓட்டியிருந்தால் வந்து சொல்லட்டும்.

பாதி வழியில் வெள்ளைக்குள்ளிருந்து கங்காணி ஒருவரின் குரல்.

"யாருடா அது?"

வாயில் வந்தது ஒன்றுதான். "தப்பால்!" என்றேன்.

"ம், பாத்துப் போ" என்றது மூடுபனி.

ஆற்றில் சைக்கிளைக் கழுவினேன். உர மணம் போகும் வரைக்கும் தேய்த்தேன். பாலத்துச் சுவரில், சிறிசேனவின் சைக்கிள் நின்ற அதே இடத்தில் சாய்த்து வைத்தேன். பிறகு லயத்துக்குப் போய், "வா மாரிமுத்து, கடைசியா ஒருக்கா பாத்துட்டு வருவோம்" என்றேன். அவன் வரமாட்டேன் என்று இஸ்தோப்புத் திண்ணையிலேயே சுருண்டு உட்கார்ந்திருந்தான். பாக்கியம்தான், "அண்ணே கூப்புடுறாருல்ல, எந்திரிச்சுப் போங்க" என்று விரட்டினாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இல்லை.

சைக்கிளைக் கண்டதும் மாரிமுத்து அதன் ஹேண்டிலைக் கட்டிக்கொண்டான். "நீங்க சொன்னா சொன்னதுதாண்ணே! கீழதான் இருக்கும்னீங்களே!" என்றான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தினோம். பெரிய கிளாக்கர் வெளியே வந்தார். பூட்டின் கதையை நான் நெருப்புக்குச்சியோடு விளக்கினேன். குச்சியை வாங்கி மணந்து பார்த்தார்.

"கீழதான் கெடந்துச்சா சுப்பையா?"

"வேற எங்கங்க ஐயா கெடக்கும்?"

அவர் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு அந்த விரல் வந்தது. சீட்டில் இழுத்தார், ஹேண்டிலில் இழுத்தார், சுத்தம். கெரியருக்கு அடியில், ஸ்பிரிங் சுற்றியிருக்கிற இடத்தில் விரலை விட்டு எடுத்தார். எல்லா இடத்தையும் தேய்த்துக் கழுவின நான் அந்த ஸ்பிரிங்கை மறந்திருந்தேன். விரல்நுனியில் வெள்ளையாக உர மாவு.

கிளாக்கர் விரலைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி மேல் மலையைப் பார்த்தார். உரக்காரர்கள் மூட்டையோடு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருவர் கல்லில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் ஆபீஸ் வாசல் வரைக்கும் கேட்டது. பக்கத்தில் மாரிமுத்து ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றான்.

அவர் கைலேஞ்சியை எடுத்து விரலைத் துடைத்தார். மடித்துப் பையில் போட்டார்.

"தப்பாலுக்கு நேரமாச்சு. ஏன் நிக்கிற?" என்று மாரிமுத்துவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் செபஸ்தியானின் பெயரை மூட்டைக்கு அல்ல, நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டார்களாம். யார் சொல்லி அப்படி நடந்தது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாரிமுத்து தப்பால் பையைத் தன் பென்ஷன் வரைக்கும் சுமந்தான். காம்பராவும் இருந்தது. மாரிமுத்து, செபஸ்தியான், கிளாக்கர் மூன்று பேருமே இன்று இல்லை. பாக்கியம் இருக்கிறாள், டிக்கோயாவில் மகள் வீட்டில். இதை எழுதலாமா என்று ஆள் விட்டுக் கேட்டேன். "எழுதச் சொல்லு. ஆனா கெடக்க வைங்கன்னு சொன்னது நான்தான்னு போடச் சொல்லு" என்று பதில் வந்தது. போட்டிருக்கிறேன்.

எழுபதுகள் முடிகிற நேரத்தில் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்தது. நம்பர் பூட்டு வந்தது, ஜப்பான் பூட்டு வந்தது. எல்லாவற்றையும் விற்றேன். தண்ணீர்க் கோப்பையும் குடையும் என் கடையிலும் இருந்தன. பூட்டு வாங்கினவர்களிடம் தேங்காய் எண்ணெய் விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். நானாவின் கேள்விகளோடு என் கேள்வி ஒன்றும் சேர்ந்துகொண்டது. நீங்கள் நிறுத்துகிற இடத்தால் யார் போவார்கள், என்ன சுமந்துகொண்டு போவார்கள்?

இன்னொன்றும் செய்தேன். மாரிமுத்துவின் சைக்கிள் கிடைத்த வாரமே, கடையில் கிடந்த பழைய சைக்கிள் ஒன்றின் பெடலையும் செயினையும் கழற்றி எடுத்தேன். கெரியருக்கு இரும்புப் பட்டை போட்டு அகலமாக்கினேன். கொண்டுபோய் உர ஸ்டோர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். மிதிக்க முடியாத சைக்கிளால் ஓட்டுகிறவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, இறக்கத்துக்கும் ஆகாதபடி பிரேக்கையும் எடுத்துவிட்டேன். தள்ளுகிறவனுக்கு மட்டும்தான் அது சைக்கிள். காலையில் மூட்டையோடு மேலே போகும், பின்னேரம் யாராவது ஒருவர் கீழே கொண்டுவந்து அதே சுவரில் சாய்த்துவிடுவார். டயர் தேய்ந்தால் நான் மாற்றினேன். கிளாக்கர் அந்தப் பக்கம் போகும்போது அதை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்ததில்லை.

அது கடைசி வரைக்கும் களவு போகவில்லை. அதற்கு நான் பூட்டுப் போடவும் இல்லை.